பின்னால் ஒரு பூக்கடை
கேமரா கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஆதிகேசவன், பள்ளிகொண்டா கோயில் தெருவில்தான் தன்னைப் படமெடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கிளப்பில் படமெடுக்கச் சொல்லித்தரும் டேனியல் எடுத்துக் காட்டினான்.

"பாருங்க சார், முகம் பளிச்சுனு இருக்கு, பின்னாடி எல்லாம் மங்கல். இதான் போர்ட்ரெய்ட்!"

"பின்னாடி பூக்கடையே தெரியலையே தம்பி. என் மூஞ்சி மங்கினாலும் பரவால்ல, கடை தெளிவா விழணும்."

இன்னா மனுஷன் இவர் என்று டேனியலுக்கு மண்டை காய்ந்தது. ஃபோகஸை மாற்றி எடுத்தான். கடையில் பூக்கட்டும் பெண்ணும் அவள் மடியில் குழந்தையும் தெளிவாக விழுந்தார்கள்.

திரையில் குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கி, ஆதிகேசவன் வெகுநேரம் பார்த்தார்.

"யார் சார் இவங்க?"

கடைப்பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"என் பொண்ணு. சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, அவ மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். போட்டோவுல பாத்தா அதுல சேராதுல்ல தம்பி?"