இடப்பக்கத்துப் பலகை

போன வருஷம், தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டக் கூட்டத்துக்குப் பாறசாலை போகும் வழியில், பிரேக் பிடிக்காமல் ஜெயதாஸின் சின்னக் கார் புளியமரத்தில் மோதியது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மைத்துனர் ராஜையா அங்கேயே இறந்துபோனார். அதன் பிறகு ராஜையாவின் தங்கை ஞானபாய் தன் கணவனின் காரில் ஏறவே இல்லை.

இப்போது அவளுக்கு நிறைமாதம். நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குப் போக வேறு வண்டி கிடையாது. ஜெயதாஸ் நான்கு டயர்களையும் மாற்றினான். பழைய கம்பி பிரேக்கைக் கழற்றிவிட்டு ஆயில் பிரேக் வைத்தான். வலி கண்ட காலையில் அவள் மறுபேச்சில்லாமல் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

அமரவிளை இறக்கத்தில் இடப்பக்க சீட்டின் காலடிப் பலகை கிறீச்சிட்டது. பக்கத்தில் இருப்பவர் பயத்தில், தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதிப்பது வழக்கந்தான்.

"பலகைய மிதிச்சு ஒடைச்சிராத பிள்ளே. புது பிரேக்காக்கும், பாரு."

அவன் லேசாக மிதித்தான். கார் பூப்போல் நின்றது. மறுபடி நகர்ந்ததும் பலகை இன்னும் பலமாகக் கிறீச்சிட்டது.

"நான் மிதிக்கல்லை," என்றாள் ஞானபாய். "வலி பொறுக்காம ரெண்டு காலையும் சீட்டு மேல மடக்கியாக்கும் வச்சிருக்கேன்."

ஜெயதாஸ் குனிந்து பார்த்தான். வெறும் பலகை மெல்ல அமுங்கியது. இறக்கம் தீரும்வரை அது நிமிரவே இல்லை.