ஸ்லீப்பி ஜோனின் எட்டு விநாடி

டெனுசன் குசினியில், அடுப்புக்கு முன்னால், தரையில் துள்ளிக்கொண்டிருந்தான். கிளறிற்றா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மகனின் தலைக்கடியில் திணித்துவிட்டு எண்ணத் தொடங்கினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று.

பிடிக்கக் கூடாது. வலிப்பு வந்தால் கையையோ காலையோ அமத்தக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தாள். ஐந்து நிமிடமாகியும் நிற்காவிட்டால் மட்டும் கன்னத்துக்குள் மருந்து. முந்தினால் மூச்சு அடங்கிவிடலாம். பிந்தினால் மூளை.

முதல் தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எப்போது தொடங்கியது என்பது பதற்றத்தில் மறந்துபோயிற்று. அன்றிலிருந்து செபமாலைதான். பத்துப் பத்தாய்ச் சின்ன மணிகள், இடையிடையே ஒரு பெரிய மணி; எட்டு விநாடி எண்ணி ஒரு மணி தள்ளுவாள். நாலாவது பத்து முடிவதற்குள் மருந்து.

எட்டு என்பது டெனுசன் கொடுத்த கணக்கு.

அமெரிக்காவில் காளை மேல் ஏறுகிறவன் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்தபடி எட்டு விநாடி தாக்குப்பிடித்தால் வென்றவன். ஸ்லீப்பி ஜோன் என்ற சாம்பல் நிறக் காளையின் முதுகில் வருடக்கணக்காக எவனும் எட்டைத் தொடவில்லை. வலிப்பினால் வேலையும் கார் லைசென்சும் போன பிறகு, அந்த வீடியோக்கள்தான் டெனுசனுக்கு உலகம். போன மாசியில் காளை கிழடாகிச் செத்தபோது, அதற்காகக் கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னான்.

"மாட்டுக்கோ? பாதர் என்னையெல்லே கலைச்சு விடுவார்!"

அவன் சிரிக்கவில்லை. "அவனுக்குக் கோபமே இல்லையம்மா. துள்ள வைக்கிறதுக்கு வயித்தில இறுக்கிக் கட்டின பட்டியை இளக்கினால், பேசாமல் நடந்து போயிடுவான்."

ஏழு, எட்டு. ஒரு மணி.

முதல் பத்தும் பெரிய மணியும் தாண்டிவிட்டன. இரண்டாவது பெரிய மணி விரலில் தட்டியபோது வாய் தானாகவே 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கியது. நாற்பது வருடப் பழக்கம். அது முடிந்து 'அருள் நிறைந்த மரியே'. ஓட்டமாய் ஒன்று, இன்னொன்று. மணிகள் நழுவிக்கொண்டே போயின.

திடுக்கிட்டு நிறுத்தியபோது பெருவிரல் நாலாம் பத்துக்குள் கிடந்தது.

எந்த மணி கணக்கு, எந்த மணி செபம்? மாதாவுக்கும் தெரிந்திருக்காது.

டெனுசனின் உதடு நீலம் பாரித்தது. அவள் அழைத்துவிட்டுத் தரையில் வைத்திருந்த போனிலிருந்து ஆம்புலன்ஸ்காரி திரும்பத் திரும்பக் கேட்டாள், எத்தனை நிமிடம், எத்தனை நிமிடம் என்று. வெளியே நோர்பரி ஸ்டேஷனில் ஒரு ரயில் நின்று, புறப்பட்டுப் போனது.

கிளறிற்றா மருந்து சிறிஞ்சின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள். அவன் கன்னத்துக்குள் மெல்ல விட்டாள்.

இளக்கு, என்று யாரிடமோ கெஞ்சினாள். பட்டியை இளக்கு.

முதலில் கால்கள் ஓய்ந்தன. பிறகு கைகள். பிறகு எல்லாமே. மூச்சும்.

ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வரை போக அவளுக்குத் துணிவில்லை. ஆறையே இரண்டு தடவை எண்ணினாள்.

ஏழில் அவன் நெஞ்சு மேலெழுந்தது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைப் பாதி திறந்து, ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் கேட்பதையே கேட்டான்.

"எத்தனை, அம்மா?"

"எட்டுத்தான், ராசா. வெண்டிட்டாய்." எப்போதும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செபமாலையில் அவள் பெருவிரல் நின்ற இடத்தைப் பார்த்தான். எத்தனை மணி தள்ளினாள் என்று எப்போதும் அங்கேதான் பார்த்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஓம் அம்மா," என்றான். "எட்டுத்தான்."