முடுக்கி கண்ட மூன்று புலிகள்

நம்பினால் நம்புங்கள், செவ்வந்திலிங்கத்தின் உடம்புக்குள் இரண்டு நரம்புகளுக்கிடையே சண்டை ஓயாது. மூத்தவன் முடுக்கி, ஆபத்தென்றால் உடம்பையே விரட்டுகிறவன். இளையவன் தணிப்பான், அதை அடக்கி உட்காரவைக்கிறவன்.

அன்று வேலைக்கு நேர்காணல். மேசைக்கு எதிரே மூன்று அதிகாரிகள்.

"மூணு புலிடா" என்றான் முடுக்கி. இதயத்தை அடித்து ஓட்டினான், வயிற்றைப் பூட்டினான், எச்சிலை நிறுத்தினான்.

"உங்க பேர் என்ன?" என்றார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுபடி கேட்டார்கள். மூன்றாம் முறை கேட்பார்களா என்பது சந்தேகம்தான்.

"நான் வெடிச்சிருவேன்" என்றது இதயம்.

நடுவில் இருந்தவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்.

"அண்ணே, எந்தப் புலி தண்ணி கொடுக்கும்?" என்றான் தணிப்பான்.

"திங்கிறதுக்கு முன்னால கழுவுறாங்கடா."

லிங்கம் ஒரு மடக்குக் குடித்து நீளமாக மூச்சுவிட்டார். அந்த மூச்சில் தொற்றிக்கொண்டு தணிப்பான் போய் இதயத்தை மெல்லத் தட்டிக்கொடுத்தான். எச்சில் ஊறியது. நாக்கு பேரைச் சொன்னது, கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னது.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்றார் நடுவில் இருந்தவர்.

முடுக்கி கால்களிடம் குனிந்து கிசுகிசுத்தான். "கேட்டீங்களா, விருந்துக்குத் தேதி குறிச்சிட்டாங்க."