மூலை அறை ஃப்ரீசர்

"உங்க ஒருத்தர் பிடிவாதத்துக்கு முன்னாடி, மத்த துறைக்காரங்க எல்லாம் முட்டாளா மேடம்?"

கூட்ட அறையில் எல்லார் முன்னாலும் கேட்டார் பேராசிரியர்.

விலங்கியல் விரிவுரையாளர் தலை நிமிரவில்லை. "எங்க மூலை அறை ஃப்ரீசரை மட்டும் அணைக்க முடியாது, சார்."

"ஏன்?"

விரிவுரையாளர் முன்னாலிருந்த தாளை மடிக்கத் தொடங்கினார்.

பேராசிரியருக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவர் பொருளாதாரத் துறைக்காரர். மனைவி இறந்த பிறகு வீட்டில் கால் தரிக்காமல், துறை துறையாக ஏறி இறங்கி இந்தப் பசுமைக் கூட்டமைப்பைச் சேர்த்து, அதற்குத் தலைவராகவும் இருந்தவர். இயற்பியலும் வேதியியலும் முகம் கொடுத்துப் பேசி எத்தனையோ வருஷம். அவர்களையே காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரே மேஜையில் உட்கார வைத்திருந்தார்.

முதல் தீர்மானமே, மின்சாரத்தைக் குடிக்கும் பழைய சாதனங்களை எல்லாத் துறையும் நிறுத்த வேண்டும் என்பதுதான்.

வேதியியல் தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "நாங்க மனசே இல்லாமத்தான் எங்களோடதை நிறுத்தினோம். இவங்களுக்கு மட்டும் சலுகைன்னா சொல்லிடுங்க, இப்பவே கிளம்பறோம்."

"யாருக்கும் சலுகை கிடையாது," என்றார் பேராசிரியர். "அடுத்தவங்க தியாகத்துல குளிர்காயறவங்களுக்கு நிச்சயமா கிடையாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். விரிவுரையாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் விரிவுரையாளர் படிக்கட்டு வரை ஓடிவந்தார். "சார், தனியா ஒரு வார்த்தை..."

"தனியாப் பேசி சலுகை வாங்கற கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம். எதுவானாலும் கூட்டத்துல பேசுங்க."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

விடுமுறை தொடங்கிய அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்துப் போய், கூடவே நின்று, மூலை அறையின் மின்சாரத்தைத் துண்டித்தார். அன்று மாலையே எல்லாத் துறைத் தலைவர்களும் கூட்டமைப்பின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்தபோது, விலங்கியல் கட்டடமே நாறுகிறது என்று புகார் வந்தது.

பேராசிரியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். மூலை அறைத் தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர். விரிவுரையாளர் மண்டியிட்டுத் துணியால் அதை ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏம்மா, இந்தச் சாக்கடைக்கா இவ்வளவு அடம்?"

"சாக்கடை இல்லை, சார். ஏரிச் சேறு. நம்ம பின்பக்க ஏரியில வருஷா வருஷம் எடுத்து உறைய வச்சது. தண்ணியில எப்பலேருந்து விஷம் கலக்குது, யார் கலக்கறாங்கன்னு இதை வச்சுத்தான் கண்டுபிடிக்க முடியும். உருகிட்டா ஒண்ணுமில்லை. வெறும் சேறுதான்."

"நேத்து வரைக்கும் வந்து பார்க்கவே இல்லையா?"

"வேற ஊர் ஆய்வுக்கூடத்துல இடம் கேட்டு அலைஞ்சுக்கிட்டிருந்தேன். நேத்துதான் சரின்னாங்க. அதுக்குள்ள அணைப்பீங்கன்னு நெனைக்கலை."

பேராசிரியர் கொஞ்சம் இறங்கி வந்தார். "உங்க ஆராய்ச்சியா?"

"இல்லை, சார்." விரிவுரையாளர் துணியைக் கீழே வைத்தார். "உங்க வீட்டம்மாவோடது."

 முழங்கால் வரை சேறோடு வந்து, வாசலிலேயே நின்று, 'ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க' என்று சிரிக்கும் மனைவியின் முகம் பேராசிரியரின் கண்முன் வந்து நின்றது.

"அவ சாமானையெல்லாம் காலி பண்ணிட்டதாச் சொன்னாங்களே?"

"குப்பைக்குத்தான் போக இருந்தது. நீங்களும் எதையும் பார்க்கிற நிலையில இல்லைன்னு சொன்னாங்க. வேலை சொல்லிக் கொடுத்தவங்களோடதாச்சே, மனசு கேட்கலை. நான் வாங்கி இங்க வச்சேன்."

 பேராசிரியரின் கைக்குட்டை எப்போதோ கீழே விழுந்திருந்தது.

"தனியாச் சொல்ல வந்தீங்க. நான் கேட்கலை, என் தப்பு. ஆனா அன்னைக்குக் கூட்டத்துல இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பேசின அத்தனையையும் வாங்கிக்கிட்டு ஏம்மா ஊமையா உட்கார்ந்திருந்தீங்க?"

விரிவுரையாளர் மறுபடியும் துணியைக் கையில் எடுத்தார்.

"தலைவரோட பொண்டாட்டி சாமானுக்கு மட்டும் சலுகையான்னு ஒருத்தர் கேட்டிருந்தாப் போதும், சார்... நீங்க சேர்த்த கூட்டம் அங்கேயே கலைஞ்சிருக்கும்."