பதினாலாம் பக்கம்

பார்க் எக்ஸ்டென்ஷனில், மரக்கறிக் கடைக்கு மேலுள்ள சங்க அறையில், செலீன் கிழிந்த பக்கங்களைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கிறாள். சன்னலில் பனிக்கால மத்தியான வெளிச்சம் அழுக்காய் நிற்கிறது. ஒட்டுநாடா இழுக்கும்போதெல்லாம் கிரீச்சென்று கத்துகிறது. நேபாளத்தில் சங்கம் நடத்தும் சிகிச்சை நிலையத்துத் தாதியருக்கான கைநூல்கள் அவை. வருடாவருடம் போய்ப் படிப்பிப்பவள் அவள்தான். கருத்தடை மாத்திரைகளை இனாமாக அனுப்பும் அமெரிக்க அரசு, இம்முறை கூடவே ஒரு நிபந்தனையையும் அனுப்பியிருக்கிறது: கருக்கலைப்பைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது, வேறு யாருடைய காசில் நடத்தினாலும் கூடாது. சங்கத் தலைவர் யோகேந்திரன் ஒழுங்கான மனிதர். கையெழுத்துப் போடுமுன்னரே, நாற்பது நூல்களிலும் கருக்கலைப்பைச் சொல்லும் பதினாலாம் பக்கத்தை நேர்த்தியாகக் கிழித்துவிட்டார்.

“மாத்திரை வேணுமோ வேண்டாமோ, பிள்ளை?” நிபந்தனைப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேனையோடு கேட்கிறார்.

“வேணும் அண்ணை. கிழிச்சதை ஒருக்காத் திருப்பிப் பாத்தனீங்களோ?”

அவர் திருப்புகிறார். பின்புறத்தில், பிரசவத்தில் இரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வதென்று படம் போட்டிருக்கிறது. தாளுக்கு இரண்டு பக்கம் உண்டென்பது தலைவருக்கு இப்போதுதான் உறைக்கிறது.

“அப்ப பின்பக்கத்தை மட்டும் போட்டோகொப்பி எடுத்து வைப்பம்.”

“ரெண்டு பக்கமும் ஒரே பொம்பிளைக்குத்தான் அண்ணை. நீங்கள் கையெழுத்து வைச்சால் நான் படிப்பிக்கப் போகமாட்டன்.”

“மாத்திரைக்கு?”

“எங்கட ஒட்டாவா அரசாங்கத்திட்டக் கேப்பம். அவங்களும் இல்லையெண்டால் வேற ஆரிட்டயும் கேப்பம்.”

நாடா மறுபடி கத்துகிறது. யோகேந்திரன் பேனையை மூடுகிறார். கையெழுத்தில்லாத படிவத்தை மடித்து உறைக்குள் போடுகிறார்.

“கோணலா ஒட்டுறாய். இங்கால தா,” என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.