ஏறிக்கொண்டே போன விலை

பை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தையில், குடையும் பெல்ட்டும் பையும் விற்கிற ஒரு பெட்டிக்கடையின் முன்கம்பியில், ஊரே பார்க்கும்படி.

ஊதா நிறம். அறுந்த வாருக்குப் பதிலாகப் பச்சைத் தலையணை உறையைக் கிழித்துத் தைத்த வார். அந்தத் தையல் அவளுடையது. உலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு கோணலாகத் தைக்க வராது.

நேற்று விமான நிலையத்திலிருந்து வந்த பேருந்தில் மறந்துவிட்டு இறங்கிய பை. அதற்குள் ஒரு டப்பா. டப்பாவுக்குள் அவள் கணவரின் பல்செட், மேல்வரிசையும் கீழ்வரிசையும். தூக்கம் வருகிறது என்று பேருந்தில் கழற்றிக் கொடுத்திருந்தார் மனிதர்.

நாளைக் காலையில் சம்பந்தி வீட்டாரை முதன்முதலாகப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் வேலை பார்க்கிற ஒரே மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. பேசி முடிக்கத்தான் இவ்வளவு தூரம் பறந்து வந்தார்கள். பல் இல்லாமல் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று கணவர் ஒரே பிடிவாதமாக, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறார். மகளுக்கு விஷயம் இன்னும் தெரியாது.

பைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. ஒற்றைக் கையுறை. மூடி இல்லாத ஒரு பிளாஸ்க். திருடிய பொருளை இப்படிக் கூச்சமே இல்லாமல் தொங்கவிட்டிருக்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

நம்முடையது என்று சொல்லிக் கேட்டுவிடலாமே என்று கணவர் கைக்குட்டைக்குள் முணுமுணுத்தார்.

"நீங்க வாயே திறக்காதீங்க. நமக்கு வேணும்னு தெரிஞ்சா தலையில மொளகா அரைச்சிடுவான். இல்ல, எடுத்து ஒளிச்சு வச்சிடுவான்."

ஊரில் அவளை எல்லோரும் விடுதியம்மா என்பார்கள். ஒரு மாணவர் விடுதிக்குக் காய்கறி வாங்கிப் போடுகிறவள். அவள் தலையைக் கண்டாலே கத்தரிக்காய் வியாபாரிகள் விலையை யோசித்துச் சொல்வார்கள். வேண்டிய பொருளைக் கடைசியாகத் தொட வேண்டும், தொட்டதும் குறை சொல்ல வேண்டும், படியவில்லை என்றால் நடையைக் கட்ட வேண்டும். பின்னாலிருந்து கட்டாயம் கூப்பிடுவான்.

குடையை விரித்துப் பார்த்தாள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் போனால் போகிறது என்பதுபோல இரண்டு விரலால் பையைத் தொட்டு முகத்தைச் சுளித்தாள். கோணல் தையலைக் கடைக்காரனுக்குச் சுட்டிக்காட்டிச் சிரித்தாள். தன் தையலைத் தானே பழிக்க வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் நொந்துகொண்டாள்.

கடைக்காரன் தலையை ஆட்டினான். உள்ளே தொங்கிய புதுப்பைகளைக் காட்டினான். இந்தப் பசப்பெல்லாம் அவளிடமா? மேசையில் கிடந்த கால்குலேட்டரை இழுத்துப் பத்து என்று அடித்துக் காட்டினாள். பாஷை தெரியாத ஊரில் அதுதானே வாய்.

அவன் மறுத்தான். பதினைந்து அடித்தாள். அவன் கால்குலேட்டரை வாங்கி நூறு என்று அடித்தான்.

பகல் கொள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பதுக்கு ஏறினாள். அவன் இருநூறு என்றான்.

அவள் ஆடிப்போனாள். இத்தனை வருடப் பேரத்தில், இறங்க வேண்டியவன் ஏறியதை அவள் பார்த்ததே இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்திருப்பான் பாவி. அவர்களுடைய அவசரம் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவளை ஏற இறங்கப் பார்க்கிறான், கணவரின் கைக்குட்டையை அப்படி முறைக்கிறான்.

சரி, நடையைக் கட்டினாள். கணவர் பின்னாலேயே வந்தார்.

முதல் கடையைத் தாண்டினாள். கூப்பிடவில்லை. இரண்டாவது கடையையும் தாண்டினாள். செல்போன் உறை விற்கிற கடையின் கண்ணாடியில் பார்ப்பதுபோல மெல்லத் திரும்பினாள்.

பெட்டிக்கடை முன்னால் ஒரு பெண் குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தை முன்கம்பியைக் காட்டிக் குதித்தது. அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒற்றைச் செருப்பு ஒன்றை எடுத்து நீட்டினாள். கடைக்காரன் தொங்கியதைக் கழற்றினான், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தான், குனிந்து குழந்தையின் காலில் மாட்டிவிட்டான். அவர்கள் காசு எதுவும் கொடுக்காமல் போனார்கள்.

விடுதியம்மாவுக்குக் காது மடல் சூடேறியது. பேருந்தில் விட்டுவிட்டுப் போனவர்கள் கண்ணில் படட்டும் என்றல்லவா முன்கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார். அடுத்தவர் பொருளுக்கு விலை பேச வந்தவள் என்று இவ்வளவு நேரமும் அவர் அவளைத்தான் திருடியாகப் பார்த்திருக்கிறார். அவளை விரட்டத்தான் விலையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

திரும்பி வந்தாள். பையைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் முகம் இளகவே இல்லை. கால்குலேட்டரை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். இனி எந்த நம்பிக்கையில் அவர் தருவார்? அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னங்க," என்றாள் தழுதழுத்து, "வாயைத் திறங்க."

கணவர் அக்கம்பக்கம் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். நடுச்சந்தையில், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், வாயை அகலத் திறந்தார்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். பையைக் கழற்றினார். டப்பாவை எடுத்துத் திறந்து கணவரிடம் நீட்டினார். மாட்டிப் பார்க்கும் வரை பையை விடாமல் பிடித்திருந்தார்.

பொருந்தியது. கணவர் ஈயென்று சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார்.

விடுதியம்மா அவசரமாகப் பணப்பையைத் திறந்து, கையில் வந்த நோட்டுகளை எல்லாம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. இழுப்பறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து, ஒரே ஒரு பொத்தானை அழுத்தி அவள் பக்கம் திருப்பினார்.

பூஜ்யம்.

சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டாள்.