பதினேழு செவ்வந்தி

ராஜசிங் பூ எண்ணிக்கொண்டிருந்தார்.

மேசையில் அவர் மனைவி கிருபாவின் ஓய்வுப் பணம், பன்னிரண்டு லட்சத்துக்கான செக், கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. முப்பத்தோரு வருடம் நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்த பணம். சிவகாசியில் இந்த வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போக அவர்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான். மனிதர் என்னடாவென்றால் அந்தப் பணத்தை முதலீடாகக் கேட்கும் சுரங்கக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஒரு படத்தின் மேல் லென்ஸை வைத்துக்கொண்டு, மாலையில் எத்தனை செவ்வந்தி என்று பார்க்கிறார்.

"பதினாலு, பதினஞ்சு..."

எதிரே இருந்த ஜோபின் சிரிப்பை அடக்கக்கூட முயலவில்லை. கிருபாவின் தங்கை மகன். போன வருடம் வரை செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது முதலீட்டு ஆலோசகராம். மே மாத வெயிலில் டை கட்டி வந்திருந்தான். கமிஷன் என்று ஒன்று இருந்தால் வெயில்கூட உறைக்காது போலிருக்கிறது.

"பெரியப்பா படம் பாக்கட்டும். நீங்க கணக்கப் பாருங்க பெரியம்மா" என்றான்.

கிருபா ஏற்கெனவே பார்த்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைபோல் வழவழப்பான அந்தப் பக்கத்தில் இரண்டு எண்களுக்குப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"ஏலே, தோண்டி வித்த வியாபாரத்துல கைக்கு வந்த பணம் நாப்பது கோடின்னு போட்டிருக்கு. செலவு தொண்ணூத்தாறு கோடியா?"

"அது மூலதனச் செலவு பெரியம்மா. மெஷின், லாரி வாங்குறது."

"எதுவா இருந்தா என்ன? எங்க வார்டுல நோயாளிக்கு உள்ள போன தண்ணி எம்புட்டு, வெளிய போனது எம்புட்டுன்னு சார்ட் எழுதுவோம். நாப்பது உள்ள போயி தொண்ணூத்தாறு வெளிய வந்துச்சுன்னா, டாக்டருக்குப் போன் போட்டுருவோம்லே."

சரியான கேள்விதான். ஆனால் சரியான கேள்விக்குத் தப்பான பதிலை இனிமையாகச் சொல்லத்தானே அவனுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"வெளிய போகலை பெரியம்மா, லாரியா நிக்குது. ஒரு ரூபா வந்தா ரெண்டு ரூபா நாப்பது காசு போடுறாகன்னா எம்புட்டு தைரியம் பாருங்க. வீடு கட்டுற வருசம் சம்பளத்துக்குள்ளயா கட்டி முடிக்கோம்?"

வீடு என்ற சொல் வேலை செய்தது. கிருபாவின் முகம் இளகியது.

"மிச்சம் அம்பத்தாறு கோடிக்கு எங்கன போவாக?"

"உங்கள மாதிரி நம்பிக்கையானவுக குடுக்கப் போறீகள்ல?"

அதைச் சொல்லும்போது அவனுக்கு நா கூசவில்லை. நோயாளி இருமும் சத்தத்தை வைத்தே வியாதி சொல்லும் கிருபாவுக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

"பெரியப்பா பாக்காகளே, அதே படந்தான். பன்னெண்டு லாரி. ஒண்ணு எட்டு கோடி. பன்னெண்டெட்டு தொண்ணூத்தாறு, கணக்கு நேரா இருக்கா?"

படத்தில் மஞ்சள் நிற ராட்சத லாரி ஒன்று நின்றது. சக்கரமே ஓர் ஆள் உயரத்துக்கு மேல். நெற்றியில் சந்தனம், அதற்குக் கீழே செவ்வந்தி மாலை.

"பதினேழு" என்றார் ராஜசிங். "பதினேழு பூவுலயும் ஒரே இதழ்ல புழு கடிச்சிருக்கு."

"என்னங்க, நான் வாழ்க்கையக் கேக்கேன், நீங்க புழுவப் பாக்கீக" என்று கிருபா தலையில் அடித்துக்கொண்டார்.

"விடுங்க பெரியம்மா. பெரியப்பா முப்பது வருசமா அச்சாபீஸ் கம்ப்யூட்டர்ல காலண்டர் படத்தத் திருத்துனவுக. காளைக்குக் கொம்ப நீட்டுறது, முதலாளி மண்டையில முடி வைக்கது, இதான தொழிலு. அவுகளுக்குக் கம்பெனிக் கணக்கப் பத்தி என்ன தெரியும்?"

சொந்த வீட்டிலேயே அவரை இப்படித்தான் மதித்தார்கள். ராஜசிங்கும் பழகிவிட்டவர். லென்ஸை எடுக்காமலே கேட்டார்.

"இந்த லாரிய நீ நேர்ல பாத்தியாலே?"

"பாக்காம? பூஜை அன்னைக்கு என்னையச் சுரங்கத்துக்கே கூட்டிட்டுப் போனாக. இந்தா, இந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்ப மாலை?"

"எங்க எம்.டி. சார் ஏணி வச்சு ஏறி, தன் கையால போட்டாரு. நான்தான் ஏணியப் பிடிச்சுக்கிட்டேன்."

"நல்லாப் பிடிச்சியா?"

"நல்லாத்தான் பிடிச்சேன். ஏன் பெரியப்பா?"

ராஜசிங் லென்ஸைக் கீழே வைத்தார். கிருபா பேனா மூடியைக் கழற்றினார். செக்கை இடது கையால் நேராக்கி, தன் பெயரின் முதல் எழுத்தைப் போடக் குனிந்தார். ஜோபின் டையைத் தளர்த்திக்கொண்டான்.

ராஜசிங் எட்டி மனைவியின் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி, மூடியைப் போட்டுத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு ஜோபினைப் பார்த்தார்.

"போன வருசம் டயர் கடை காலண்டருக்கு, இந்த லாரிப் படத்துல ஒத்தப் பூவைப் பதினேழா ஒட்டி அந்த மாலையப் போட்டது நாந்தாம்லே."